சிட்டி ஹாலில் ஐந்து நிமிடம், சோஃப்ரேயில் ஒரு மணி நேரம்: சான் பிரான்சிஸ்கோவில் ஈரானியத் திருமணத்தைப் படமெடுக்க

"சின்னக் கல்யாணம்தான், மொத்தம் ஆறே பேர், ரெண்டு மணி நேர வேலை" என்று சொல்லித்தான் இந்த வேலை வரும். நம்மூர் கல்யாணத்தில் காலை நாலு மணிக்குத் தொடங்கிப் பந்தி முடியும்வரை நின்று எடுத்துப் பழகியவருக்கு இது விளையாட்டாகத் தெரியும். அங்கேதான் வழுக்குகிறது. நம் கல்யாணத்தில் ஒரு க்ளிக் தவறினால் அடுத்த சடங்கில் ஈடுகட்டலாம். இங்கே சிட்டி ஹால் என்னும் நகராட்சிக் கட்டடத்தில் நடக்கும் சட்டப்படியான திருமணம் ஏறத்தாழ ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், திரும்ப வராது. ஈரானியக் குடும்பத்துக்கு உயிரான பகுதியோ பெரும்பாலும் சிட்டி ஹாலில் நடப்பதில்லை. வேறு இடத்தில், வேறு வேகத்தில் நடக்கிறது. இரண்டையும் ஒரே வேலையாக நினைத்துப் போகிறவர்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்.

சான் பிரான்சிஸ்கோ சிட்டி ஹாலை வைத்து எழுதியிருக்கிறேன். வேறு நகரம் என்றால் கட்டண, நேர விதிகள் மாறும். சோஃப்ரே பகுதி, அதாவது கண்ணாடி, மெழுகுவத்தி, தேன் எல்லாம் பரப்பிய துணியின் முன் ஜோடி அமர்ந்து செய்யும் ஈரானியச் சடங்கு, அப்படியே பொருந்தும்.

1. எது எங்கே நடக்கிறது என்று முதல் பேச்சிலேயே கேளுங்கள்

மூன்று விதமாக இருக்கலாம். ஒன்று, சிட்டி ஹால் பதிவுத் திருமணம் மட்டும். இரண்டு, காலையில் சிட்டி ஹால், பிற்பகலில் வீட்டிலோ உணவகத்திலோ 'சோஃப்ரே அக்த்' விரித்துச் சடங்கு. மூன்று, சிட்டி ஹாலிலேயே ஒரு மணி நேரத்துக்குத் தனி இடம் வாடகைக்கு எடுத்து, நூறு பேர்வரை அழைத்து நடத்துவது. மூன்றாவதற்கு வாடகை ஆயிரம் டாலருக்கு மேல். சிக்கனமாகச் செய்ய நினைக்கும் ஜோடிகள் பெரும்பாலும் இரண்டாவதுக்குத்தான் வருவார்கள்.

அடுத்த கேள்வி, சோஃப்ரேயில் எந்த நூல் வைக்கப்போகிறீர்கள் என்பது. குர்ஆனா, ஹாஃபிஸின் கவிதைத் தொகுப்பான திவானா, ஜொராஸ்ட்ரியர்களின் அவெஸ்தாவா? ஈரானியர் எல்லாரும் முஸ்லிம்கள் அல்லர். பஹாய், யூதர், ஜொராஸ்ட்ரியர், மத நம்பிக்கையே இல்லாதவர் என்று எல்லாரும் உண்டு. "உங்க மதம் என்ன" என்று கேட்பதைவிட இந்தக் கேள்வி நாகரிகமானது, வேலைக்கும் உதவும். ஒன்று மட்டும் வேண்டாம்: அவர்களை அரபியர் என்று சொல்லிவிடாதீர்கள். மொழியும் வேறு, இனமும் வேறு. அந்த ஒரு சொல்லிலேயே வேலை கைநழுவிய கதைகள் உண்டு.

2. காசு வாங்க உங்களுக்கு அனுமதி இருக்கிறதா

இதைத் தள்ளிப்போட வேண்டாம். எச்-1பி விசாவில் இருப்பவர், விசாவுக்கு மனுப்போட்ட நிறுவனத்தைத் தவிர வேறு வேலை செய்து சம்பாதிக்க முடியாது. வார இறுதிப் புகைப்பட வேலையும் அதில் அடங்கும். எஃப்-1 மாணவருக்கும் தனியாக வேலை பிடித்துக் காசு வாங்க அனுமதி கிடையாது. எச்-1பிகாரரின் கணவன் அல்லது மனைவிக்கான எச்-4 விசாவில் வேலை அனுமதி அட்டை வைத்திருப்பவரும் கிரீன் கார்டுக்காரரும் செய்யலாம். "ரொக்கமா வாங்கிக்கிறேன், யாருக்குத் தெரியும்" என்பது பிற்காலத்தில் கிரீன் கார்டு விண்ணப்பத்தை உருட்டிப்போடும் யோசனை.

அனுமதி உள்ளவருக்கு வரி விஷயம் ஒன்று. கலிபோர்னியாவில் படங்களை இணைய வழியாக மட்டும் கொடுத்தால் விற்பனை வரி இல்லை. அதே படங்களை யூஎஸ்பி குச்சியில் போட்டோ, பிரிண்ட், ஆல்பம் ஆகவோ கொடுத்தால் படமெடுத்த கூலியையும் சேர்த்து வரி கட்ட வேண்டிவரும். "சும்மா அன்பளிப்பா ஒரு யூஎஸ்பி" என்று பெட்டியில் வைத்துக் கொடுப்பது இந்த ஊரில் விலை உயர்ந்த அன்பளிப்பு. பொருளாகக் கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் மாநில வரித்துறையிடம் விற்பனையாளர் பர்மிட் வாங்குங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

3. தேதியும் மணியும்: டெஹ்ரான் கடிகாரத்தைப் பாருங்கள்

கவுண்டி கிளார்க் அலுவலகம் நடத்தும் சிவில் திருமணம் வார நாட்களில் மட்டும் உண்டு. காலை 9 மணி முதல் பிற்பகல் 3:30 வரை, முன்பதிவு செய்த நேரத்தில் நடக்கும். முன்பதிவு 90 நாட்களுக்கு முன்பிருந்து திறக்கும். வெள்ளிக்கிழமை, காதலர் தினம், நீண்ட விடுமுறைக்கு முந்தைய நாள் எல்லாம் திருவிழாக் கூட்டம். செவ்வாய், புதன் காலை நேரம்தான் படத்துக்கு நல்லது. படிக்கட்டில் வேறு ஆறு மணப்பெண்கள் இல்லாமல் ஒரு படம் கிடைக்கும்.

காலை நேரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஈரானில் அமெரிக்கத் தூதரகம் இல்லை. விசா கேட்க வேறொரு நாட்டுக்குப் போக வேண்டும், போனாலும் கிடைப்பது அரிது. பெரும்பாலும் பெற்றோர் வீடியோ அழைப்பில்தான் கல்யாணம் பார்க்கிறார்கள். கோடையில் டெஹ்ரான் சான் பிரான்சிஸ்கோவைவிடப் பத்தரை மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் பதினொன்றரை மணி நேரம். ஈரான் 2022-க்குப் பிறகு கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஆகவே மே மாதத்தில் இங்கே காலை 11 என்றால் அங்கே இரவு 9:30. பாட்டிகூட விழித்திருப்பார். பிற்பகல் 3 என்றால் அங்கே நள்ளிரவு தாண்டி 1:30. முன்பதிவுக்கு முன்பே ஜோடியிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

நமக்கு ஆடி மாதம்போல, மதப்பற்றுள்ள ஈரானிய முஸ்லிம் குடும்பங்கள் முஹர்ரம், ஸஃபர் மாதங்களில் கல்யாணம் வைப்பதில்லை. நவ்ரூஸ் புத்தாண்டு மார்ச் 20 அல்லது 21-இல் வரும். அதை ஒட்டிய வாரங்களில் பூ, பலகாரம், சோஃப்ரே அலங்கரிப்பவர் எல்லாரும் நெருக்கடியில் இருப்பார்கள்.

கட்டடத்தின் நிகழ்ச்சி நிரலையும் பாருங்கள். மாலையில் பெரிய விருந்து ஏதும் இருந்தால் மதியத்திலிருந்தே மேசையும் மேடையும் உள்ளே வரத் தொடங்கிவிடும். நீங்கள் கனவு கண்ட படிக்கட்டுப் படத்தின் பின்னால் கறுப்புத் துணி போர்த்திய ஸ்பீக்கர் நிற்கும்.

4. காகிதங்கள்: ஜோடியுடையவை, ஆனால் கெடுவது உங்கள் நேரம்

மணம் முடிக்க முன்கூட்டியே வாங்கும் அனுமதிப் பத்திரமான திருமண லைசென்ஸ் வேறு, திருமணச் சடங்கு வேறு. இரண்டுக்கும் தனித்தனி முன்பதிவு, தனித்தனிக் கட்டணம். ஒவ்வொன்றும் நூறு டாலருக்குச் சற்று மேலே இருக்கும், அவ்வப்போது ஏறும். லைசென்ஸ் இல்லாமல் சடங்குக்கு மட்டும் பதிவு செய்துகொண்டு வந்து நிற்கும் ஜோடிகள் ஒவ்வொரு வாரமும் உண்டு. உங்கள் ஜோடி அப்படி வந்தால் அன்றைய வேலை போச்சு. ஒரு வாரம் முன்பு இவற்றைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு செய்தி அனுப்புங்கள்:

- இருவரும் சேர்ந்து நேரில் போய் லைசென்ஸ் வாங்க வேண்டும். ஒருவர் மட்டும் போனால் தரமாட்டார்கள். செல்லுபடி 90 நாள். வாங்கிய அன்றே பயன்படுத்தலாம்.
- ஒவ்வொருவருக்கும் காலாவதியாகாத, படத்துடன் கூடிய அடையாள ஆவணம். பாஸ்போர்ட் போதும். காலாவதித் தேதியை இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். ஈரானியருக்கு இங்கே சொந்தத் தூதரகம் கிடையாது, பாஸ்போர்ட் புதுப்பிப்பது வாஷிங்டனில் பாகிஸ்தான் தூதரகத்தின்கீழ் இயங்கும் ஈரானிய நலன்கள் பிரிவு வழியாகத்தான். நாலு நாளில் ஆகிற காரியமில்லை.
- விண்ணப்பத்தில் இரு தரப்புப் பெற்றோரின் பிறப்புப் பெயரும் பிறந்த இடமும் கேட்பார்கள். அம்மாவின் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று கவுண்டரில் நின்று டெஹ்ரானுக்குப் போன் போடுவதைத் தவிர்க்கலாம்.
- முன்பு மணமாகியிருந்தால் அது முடிந்த தேதி வேண்டும். அண்மையில் முடிந்தது என்றால் தீர்ப்பு நகலும் கேட்பார்கள்.
- திருமணத்துக்குப் பிந்தைய பெயர் லைசென்ஸ் வாங்கும்போதே முடிவாகிறது. ஈரானில் பெண்கள் மணமானபின் குடும்பப் பெயரை மாற்றுவது வழக்கமில்லை. அவசரத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டால் பின்னால் நீதிமன்றம்வரை போக வேண்டும்.

பொது லைசென்ஸுக்குக் குறைந்தது ஒரு சாட்சி வேண்டும், அதிகபட்சம் இருவர் கையெழுத்திடலாம். ஏற்கெனவே சேர்ந்து வாழும் ஜோடி எடுக்கும் ரகசிய லைசென்ஸுக்குச் சாட்சியே வேண்டாம். சாட்சிக்கு ஆள் இல்லாதபோது "நீங்களே போடுங்க" என்று உங்களைக் கேட்பார்கள். போடலாம், தடையில்லை. கட்டத்துக்குள் மட்டும், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுங்கள். கிறுக்கிவிட்டால் மாற்று லைசென்ஸ் வாங்க வேண்டும், அதற்கும் காசு. கையெழுத்து எந்தக் கட்டத்தில் வாங்குவார்கள் என்று செக்-இன் மேசையிலேயே கேட்டுவையுங்கள், அந்தப் படமும் வேண்டுமே.

கல்யாணம் முடிந்ததும் சான்றிதழ் தானாக வீட்டுக்கு வராது. பதிவானபின் சான்றிட்ட பிரதிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒரு பிரதி ஏறத்தாழ இருபது டாலர், சில வாரங்கள் ஆகும். விசா, குடியேற்ற வேலைகளுக்கு அந்தப் பிரதிதான் செல்லும். இது உங்கள் வேலையே இல்லை. ஆனாலும் சொல்லிவைத்தால் அந்த ஜோடி உங்களை இன்னும் நாலு பேருக்குச் சொல்வார்கள்.

5. ஆறு பேர் என்றால் உங்களையும் சேர்த்து ஆறு

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. சிவில் சடங்குக்கு விருந்தினர் ஆறு பேர்தான். அந்த ஆறில் புகைப்படக்காரர், கைக்குழந்தை, மொழிபெயர்ப்பாளர், சாட்சி எல்லாரும் அடக்கம். நீங்களும் ஓர் உதவியாளரும் போனால் ஜோடிக்கு நாலே இடம். ஈரானியக் குடும்பத்தில் அத்தை, மாமா, அவர்கள் பிள்ளைகள் என்று "வந்து ஓரமா நின்னுக்கிறோம்" என்று வந்துவிடுவார்கள், நம்மைப் போலவே. வாசலில் வைத்து யாரைத் தள்ளுவது என்ற தர்மசங்கடம் மணப்பெண் முகத்தில் அரைநாள் தங்கும். ஆகவே சிட்டி ஹாலுக்கு நீங்கள் தனியாகப் போங்கள், உதவியாளர் சோஃப்ரேக்கு வரட்டும். வீடியோ அழைப்புக்குப் போன் பிடிப்பவர் யார் என்றும் முன்கூட்டியே முடிவு செய்யச் சொல்லுங்கள். அவரை உங்கள் தோளுக்கு வலப்பக்கம், அரையடி பின்னால் நிறுத்துங்கள். இல்லையென்றால் மோதிரப் படத்தில் நடுநாயகமாக ஒரு போன் இருக்கும்.

6. ஒப்பந்தமும் பணமும்

ஒரு பக்கம் போதும், ஆனால் எழுத்தில் இருக்கட்டும். மொத்தத் தொகை, பாதி முன்பணம், எத்தனை மணி நேரம், கூடுதல் ஒவ்வொரு அரைமணிக்கும் எவ்வளவு, எத்தனை படம், எத்தனை நாளில். பதிவு நேரம் தவறிச் சடங்கு ரத்தானால் முன்பணம் திரும்ப வருமா என்பதையும் எழுதிவிடுங்கள்.

ஈரானியரிடம் 'தாரோஃப்' என்றொரு உபசார முறை உண்டு. கடைக்காரரிடம் விலை கேட்டால் அவர் முதலில் "உங்களுக்கு முன்னால் இதெல்லாம் ஒரு பொருட்டா" என்பார். அதற்குச் சும்மா எடுத்துக்கொண்டு போங்கள் என்று பொருள் இல்லை. நாமும் "காசு கிடக்கட்டும் சார், பார்த்துக்கலாம்" என்று சொல்லிப் பழகியவர்கள்தான். இருவரும் மாற்றி மாற்றி உபசாரம் செய்துகொண்டே போனால் கடைசியில் தொகையே முடிவாகாது. எண்ணைக் காகிதம் சொல்லட்டும், வாய் உபசாரம் சொல்லட்டும். அதேபோல், ஒப்பந்த நேரம் முடிந்தபின் "இருங்க, சாப்பிட்டுப் போங்க" என்றால் கேமராவை வைத்துவிட்டுச் சாப்பிடவா, எடுத்துக்கொண்டே இருக்கவா என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

ஈரானில் இருக்கும் உறவினர் நேரடியாகப் பணம் அனுப்புகிறேன் என்றால் பணிவாக மறுத்துவிடுங்கள். அமெரிக்கப் பொருளாதாரத் தடைகள் இருக்கின்றன, அங்கிருந்து வரும் பணம் உங்கள் வங்கிக் கணக்கையே முடக்கலாம். ஜோடியின் அமெரிக்கக் கணக்கிலிருந்து மட்டும் வாங்குங்கள்.

கடைசியாக, பிரசுர அனுமதி. மற்ற கல்யாணங்களில் ஒப்புக்காக எழுதும் வரி, இங்கே உயிருள்ள வரி. தலைமூடாத பெண்கள், கையில் மதுக்கோப்பை, ஆடல் என்று படத்தில் இருப்பவை ஈரானுக்குப் போய்வரும் ஒருவருக்கோ அங்குள்ள உறவினருக்கோ தொல்லையாகலாம். எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு படத்தையும் வெளியிடுவதில்லை என்று நீங்களே முன்வந்து எழுதுங்கள். அனுமதி கிடைத்தாலும் விருந்தினர் முகம் வராத படங்களைத் தேர்ந்தெடுங்கள். பெயரையும் இடக்குறிப்பையும் கோப்பிலிருந்து அழித்துவிடுங்கள்.

7. கருவியும் வெளிச்சமும்

இரண்டு கேமரா உடல், ஒவ்வொன்றிலும் இரட்டைக் கார்டு. 24–70 எஃப்/2.8 ஒன்றில், 85 அல்லது 70–200 மற்றொன்றில். இது போதும். ஸ்டாண்டில் நிற்கும் விளக்கு, ட்ரைபாட், குடை எல்லாம் வேண்டாம். அது பொது அலுவலகம், வரிகட்ட வருகிறவரும் அதே வழியில்தான் போவார். வழி அடைபட்டால் ஷெரிஃப் ஆட்கள் வந்து நகரச் சொல்வார்கள். வாசலில் மெட்டல் டிடெக்டரும் எக்ஸ்ரேயும் உண்டு. பையில் கத்தரிக்கோல், அலங்காரக் கத்தி இருந்தால் நிறுத்துவார்கள். ஈரானியர் விருந்தில் கேக் கத்தியை வைத்தே ஓர் ஆட்டம் ஆடுவார்கள், அந்தக் கத்தி காரிலேயே இருக்கட்டும்.

சடங்கு நடக்கும் ரோட்டண்டா, அதாவது குவிமாடத்தின் கீழுள்ள வட்டக் கூடம், பெரிய படிக்கட்டின் உச்சியில் இருக்கிறது. மேலிருந்து பகல் வெளிச்சம், சுற்றிலும் மஞ்சள் விளக்கு, கீழே பளிங்கு. ஐஎஸ்ஓ 1600 முதல் 3200, எஃப்/2.8, ஷட்டர் 1/160-க்குக் கீழே போகாமல் வைத்தால் வேலை ஓடும். வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் 4000 கெல்வின் பக்கம் பூட்டி, ரா கோப்பில் எடுங்கள். தானியங்கியில் விட்டால் ஒவ்வொரு படத்திலும் மணப்பெண்ணின் கவுன் ஒவ்வொரு வெள்ளையாக இருக்கும்.

இந்தியா, இலங்கையில் பழகியவர்களுக்கு ஒன்று: இங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே விளக்குச் சிமிட்டலைத் தவிர்க்க வைத்த 1/50, 1/100 இங்கே உதவாது. மின்விளக்கு அதிகமுள்ள உள்ளறைகளில் 1/60 அல்லது 1/120 வைத்துப் பாருங்கள், கேமராவில் சிமிட்டல் தடுப்பு இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் படத்தில் குறுக்கே பட்டை விழும்.

ஜோடிப் படங்களுக்கு நான்காம் மாடியின் வடக்கு, தெற்கு கேலரிகள். பெரிய வளைவு ஜன்னலிலிருந்து வரும் பக்க வெளிச்சத்துக்கு எந்த ஃப்ளாஷும் ஈடில்லை. எல்லாரும் கீழே படிக்கட்டில் முண்டிக்கொண்டிருக்கும்போது அங்கே ஆள் குறைவு. தனியார் சடங்கு ஏதும் நடந்தால் மட்டும் விலகிக்கொள்ளுங்கள்.

8. அந்த நாள்: 11 மணிச் சடங்குக்கு ஒரு கால அட்டவணை

8:45-க்கு நீங்கள் உள்ளே. சிவிக் சென்டர் பிளாசாவின் அடியில் கார் நிறுத்தலாம், ரயிலில் வந்தால் சிவிக் சென்டர் நிலையத்திலிருந்து சில நிமிட நடை. 9:15-க்கு ஜோடி. 9:30-க்கு லைசென்ஸ் முன்பதிவு. 10:00 முதல் 10:40 வரை நான்காம் மாடிப் படங்கள். 10:45-க்கெல்லாம் செக்-இன் மேசையில் எல்லாரும், காகிதங்களோடு. தாமதமானால் காத்திருக்கமாட்டார்கள், அடுத்த ஜோடி நிற்கிறது.

நடத்திவைக்கும் அலுவலர் உங்களை ரோட்டண்டாவுக்கு அழைத்துப் போவார். அந்த நடையிலேயே அவரிடம் இரண்டே கேள்வி: "எங்கே நிற்பீர்கள்? முத்தத்தின்போது ஓரடி விலக முடியுமா?" பெரும்பாலும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள். கேட்காவிட்டால் முத்தப் படத்தின் நடுவில் கறுப்பு அங்கி ஒன்று நிற்கும்.

பிறகு வரிசை வேகமானது: சில வரி முன்னுரை, உறுதிமொழி, மோதிரம், அறிவிப்பு, முத்தம். அலுவலரின் தோளுக்குப் பின்னிருந்து தொடங்குங்கள், மணப்பெண் முகம் கிடைக்கும். மணமகன் சொல்லும்போது எதிர்த் தோளுக்கு நகருங்கள். மோதிரத்தில் 85-க்கு மாறுங்கள். அறிவிப்பு தொடங்கியதும் இரண்டு படி கீழே இறங்கி 24-இல் நில்லுங்கள். இந்த நாலு இடத்தையும் முந்தின ஜோடி நிற்கும்போதே நடந்து பார்த்துவிடுங்கள்.

முத்தத்தோடு கேமராவை இறக்கவேண்டாம். ஈரானியப் பெண்கள் அந்த நொடியில் 'கெல்' இடுவார்கள். நம் குலவைதான், அதே நாக்கு, அதே குரல். அந்தக் குவிமாடத்தின் கீழே அது எழும்பும்போது சுற்றுலாப் பயணிகள்கூட நின்று திரும்புவார்கள். அத்தையின் திறந்த வாயும், பின்னால் திரும்பிய அந்நிய முகங்களும், போன் திரையில் அழும் அம்மாவும் ஒரே சட்டகத்தில் கிடைப்பது அந்த மூன்று நொடிதான்.

உள்ளே எதையும் எறியக்கூடாது: பூவிதழ், அரிசி, இனிப்பு எதுவும். மெழுகுவத்தியும் புகையும் வேண்டாம். குடும்பத்தார் பையில் சர்க்கரை பூசிய பாதாம் 'நொக்ல்' பொட்டலம் தயாராக இருக்கும், முன்னாடியே சொல்லிவையுங்கள்.

9. சோஃப்ரே: நிதானமாக எடுக்கவேண்டிய இடம்

தரையிலோ தாழ்ந்த மேசையிலோ விரித்த துணி, மரபுப்படி கிழக்கு நோக்கி. எதிர்முனையில் கண்ணாடி, அதன் இருபுறமும் குத்துவிளக்குப் போல இரண்டு மெழுகுவத்தித் தண்டுகள். ஏழு வண்ணத்தில் மசாலாவும் விதைகளும் அடுக்கிய தட்டு, அலங்கரித்த முட்டையும் கொட்டைகளும், மாதுளை, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கீரையும், பன்னீர், தேன்கிண்ணம், இரண்டு சர்க்கரைக் கூம்பு. விருந்தினர் வருவதற்கு முன் இருபது நிமிடம் இதற்கு மட்டும் ஒதுக்குங்கள். மேலிருந்து ஒன்று, தாழ்ந்த கோணத்தில் ஒன்று, ஒவ்வொரு பொருளும் தனியாக. அலங்கரிப்பவரிடம் கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே 75 செ.மீ. இடைவெளி விடச் சொல்லுங்கள். ஜோடியின் முகம் நேராகத் தெரிவது அங்கிருந்து மட்டும்தான், நீங்கள் நிற்க இடம் வேண்டும்.

கண்ணாடி. மணப்பெண் வந்து அமர்ந்ததும் மணமகன் அவள் முகத்தை முதலில் கண்ணாடியில் பார்ப்பது வழக்கம். இந்தப் படத்தில் இரண்டு தவறு நடக்கும். முதலாவது, நீங்களே கண்ணாடியில் தெரிவது. ஜோடியின் பின்பக்கத்திலிருந்து, கண்ணாடியின் நேர்க்கோட்டை விட்டு விலகி நின்று எடுங்கள். கண்ணாடியில் உங்கள் லென்ஸ் உங்களுக்குத் தெரிந்தால் படத்திலும் தெரியும். இரண்டாவது, ஃபோகஸ் கண்ணாடியின் வேலைப்பாடு செய்த சட்டத்தில் போய் ஒட்டிக்கொள்வது. பிம்பத்தின் தூரம் என்பது கேமராவிலிருந்து கண்ணாடிவரை உள்ள தூரமும், கண்ணாடியிலிருந்து முகம்வரை உள்ள தூரமும் சேர்ந்தது. ஆகவே ஒற்றைப் புள்ளி ஃபோகஸைப் பிம்பத்தின் கண்ணில் வையுங்கள். எஃப்/2.8-இல் பிம்பம் மட்டும் கூர்மையாகும். சட்டமும் ஓரளவு தெளிவாக வேண்டுமானால் எஃப்/5.6 முதல் 8 வரை போங்கள்.

சர்க்கரை. திருமணமான பெண்கள் ஜோடியின் தலைக்குமேல் ஒரு வெள்ளைத் துணியைப் பிடிக்க, ஒருவர் மாற்றி ஒருவர் வந்து இரண்டு சர்க்கரைக் கூம்புகளை உரசுவார்கள். இல்லறத்தில் நிறைவாக இருப்பவர் உரசவேண்டும் என்பது நம்பிக்கை, நாம் சுமங்கலிகளை அழைப்பதுபோல. யார் வருவது என்பதில் நீங்கள் தலையிடவேண்டாம், "அந்த அக்காவும் வரட்டுமே" என்று கூப்பிட்டு வைத்தால் வினை. துணி விரிந்ததும் மேல் வெளிச்சம் மறைந்து முகங்கள் ஏறத்தாழ ஒரு ஸ்டாப் இருண்டுவிடும், உடனே ஏற்றுங்கள். துகள் விழுவது தெரிய வேண்டுமானால் பின்பக்கம் ஜன்னல் வெளிச்சமும் இருண்ட பின்னணியும் வேண்டும், ஷட்டர் 1/320. கிட்டப்போனால் சர்க்கரை லென்ஸில் விழும். துணியால் தேய்க்காதீர்கள், கோடு விழும். ஊதுகுழலால் தட்டிவிடுங்கள்.

மூன்று முறை கேள்வி. சம்மதமா என்று மணப்பெண்ணிடம் கேட்பார்கள். அவள் பேசமாட்டாள். சுற்றியுள்ள பெண்கள், "மணப்பெண் பூப்பறிக்கப் போயிருக்கிறாள்" என்பார்கள். மறுபடி கேட்பார்கள், "பன்னீர் கொண்டுவரப் போயிருக்கிறாள்." புதியவர் ஏதோ தடங்கல் என்று கேமராவை இறக்கிவிடுவார். இறக்காதீர்கள். மூன்றாவது முறை, பெரியவர்களின் அனுமதியோடு 'பலே', அதாவது ஆம், என்பாள், அவ்வளவுதான் வெடிக்கும்: கெல், கைதட்டல், நொக்ல் மழை. 'பலே' சொல்லும் உதட்டுக்கு ஒரு கேமரா, மணமகன் முகத்துக்கு உதவியாளருடையது. மணப்பெண் இந்தக் குறும்பைச் சிட்டி ஹாலிலும் செய்ய ஆசைப்பட்டால் அலுவலரிடம் முன்பே சொல்லிவிடச் சொல்லுங்கள். காரணம் தெரியாதவருக்கு அந்த மௌனம் மறுப்பாகத்தான் தெரியும்.

தேன். இருவரும் சுண்டுவிரலைத் தேனில் தொட்டு ஒருவர் மற்றவர் வாயில் வைப்பார்கள். இருபது நொடி. முன்னாலிருந்து எடுத்தால் கை முகத்தை மறைக்கும், பக்கவாட்டில் நில்லுங்கள். ஈரத்துணி ஒன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். தேன் விரலோடு கவுனைத் தொட்டால் அடுத்த ஒரு மணி நேரப் படங்களும் அந்தக் கறையைச் சுற்றித்தான்.

திருஷ்டிக்கு 'எஸ்ஃபந்த்' விதையைக் கரியில் போட்டுப் புகைப்பார்கள். நம் சாம்பிராணி போல அழகான படம். ஆனால் அமெரிக்க அடுக்குமாடியில் புகை அலாரம் அலறும். ஜன்னலோரம், வெளிவாசல் என்று இடத்தை மாற்றச் சொல்லுங்கள்.

10. நாலு பாரசீகச் சொல்

'அரூஸ்' மணப்பெண், 'தாமாத்' மணமகன், 'லோத்ஃபன்' தயவுசெய்து, 'மொபாரக்' வாழ்த்து. 'யெக், தோ, ஸே' என்று எண்ணி எடுத்தால் பெரியவர்கள் முகமே மலரும். வேலை செய்கிறவரைப் பார்த்து 'கஸ்தே நபாஷீத்' என்பார்கள், களைத்துப் போகாமல் இருங்கள் என்று பொருள். குழுப் படத்தில் வயதில் மூத்தவரை முதலில் அமர்த்துங்கள். பெண்களைத் தொட்டு நிலை சரிசெய்ய வேண்டாம், சொல்லியே செய்யலாம்.

11. படங்களைக் கொடுக்கும்போது

அன்றிரவே பத்துப் படம். அங்கே விடியும்போது பெற்றோர் கையில் இருக்க வேண்டும். ஈரானில் இன்ஸ்டாகிராம், யூடியூப், டெலிகிராம் எல்லாம் முடக்கம், விபிஎன் வழியாகத்தான் பார்க்கிறார்கள், வேகமும் குறைவு. ஆகவே நீளப்பக்கம் 2048 பிக்ஸல், ஒவ்வொன்றும் 500 கேபிக்குள் ஒரு சிறு தொகுப்பு தனியாகச் செய்து ஜோடியிடம் கொடுங்கள், எப்படி அனுப்புவது என்பது அவர்களுக்குத் தெரியும். முழுத் தொகுப்புக்கு மூன்று வாரம் நியாயமான கெடு. இரண்டு இடத்தில் நகல் ஆகும்வரை கார்டை அழிக்காதீர்கள்.

ஆல்பத்தில் பாரசீக எழுத்து வேண்டும் என்றால் கூடுதல் கூலி கேளுங்கள், வேலை உண்டு. எழுத்து வலமிருந்து இடம், ஆகவே ஆல்பம் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் அச்சகத்துக்குச் சொல்ல வேண்டும். வடிவமைப்பு மென்பொருளில் மத்தியக் கிழக்கு எழுத்து அமைப்பை இயக்காவிட்டால் எழுத்துகள் ஒட்டாமல் துண்டு துண்டாக, தலைகீழ் வரிசையில் நிற்கும். நமக்கு அழகாகத்தான் தெரியும், அவர்களுக்கு எழுத்துக்கூட்டக்கூட முடியாது. பாரசீகக் காஃபும் யேயும் அரபி விசைப்பலகையில் வருபவை அல்ல, தனி யுனிகோடு எழுத்துகள். பெயரை நீங்கள் தட்டச்சு செய்யாமல் ஜோடி அனுப்பியதை நகலெடுத்து ஒட்டுங்கள். தேதியை அவர்கள் நாட்காட்டியிலும் போடலாம்: 2026 மே 14 என்பது அங்கே 1405 ஒர்திபெஹெஷ்த் 24. பக்கத்தைப் படமாக மாற்றி, அச்சுக்கு முன் மணப்பெண்ணின் அம்மாவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பிழை இருந்தால் அவர் கண்ணில் தப்பாது.